கதவைச் சரிபார்க்கும் கையும் பந்தயம் கட்டும் கையும்

கேள்வியைச் சுருக்கமாக ஒருமுறை சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கேட்டவருக்கு இரண்டு தொல்லைகள். இரவில் படுத்த பிறகு, கதவைப் பூட்டினோமா என்று எழுந்துபோய்ப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒருமுறை அல்ல, பத்துப் பதினைந்து முறை. இன்னொன்று, கைப்பேசியில் பணம் வைத்து ஆடும் பந்தயம். இனிமேல் தொடுவதில்லை என்று காலையில் எடுக்கும் முடிவு மாலைக்குள் காணாமல் போகிறது. "செய்தே தீர வேண்டும்" என்று உள்ளிருந்து ஏதோ நெட்டித் தள்ளும் அந்த அரை மணி நேரத்தை எப்படிக் கடப்பது என்பது கேள்வி. கூடவே ஒன்றைக் கவனித்து எழுதியிருக்கிறார்: மூச்சுப் பயிற்சி பந்தய விஷயத்தில் கொஞ்சம் கைகொடுத்தது, கதவு விஷயத்தில் நிலைமையை மோசமாக்கியது. இதையெல்லாம் மனைவியிடம் சொல்லலாமா என்றும் கேட்கிறார்.

பாதிப் பதில் அவர் கவனித்ததிலேயே இருக்கிறது. மனநல ஆலோசகனாகப் பல ஆண்டுகளாக இப்படிப்பட்டவர்களின் எதிரே உட்கார்ந்து கேட்டு வருகிறேன். தம் தொல்லைகளை இவ்வளவு துல்லியமாகப் பிரித்துப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. எனவே அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

உந்துதல் என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். உள்ளே நடப்பது ஒன்றல்ல. பந்தயம் கட்டும் கை ஏதோ ஒன்றை நோக்கி நீள்கிறது. கிளர்ச்சி, இந்த முறை வந்துவிடும் என்ற எதிர்பார்ப்பு, விட்டதைப் பிடிக்கும் வெறி. கதவைச் சரிபார்க்கும் கையோ ஏதோ ஒன்றிலிருந்து தப்பி ஓடுகிறது. பூட்டாமல் விட்டிருந்தால் என்ன ஆகும் என்ற அச்சம் அதைத் துரத்துகிறது. பதினைந்தாவது முறை பூட்டை இழுத்துப் பார்க்கும்போது யாரும் இன்பம் அடைவதில்லை. புகை, மது, சூது போன்றவை பெரும்பாலும் முதல் வகை. ஓயாமல் கை கழுவுதல், எண்ணுதல், வரிசைப்படுத்துதல், சரிபார்த்தல் ஆகியவை இரண்டாம் வகை. இவற்றை ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோயின் செயல்கள் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டுக் கையேடும் சூதாட்டத்தை மது, போதைப்பொருள் அடிமைத்தனத்தோடு ஒரே அத்தியாயத்தில் வைத்தது, ஓ.சி.டி.க்குத் தனி அத்தியாயம் ஒதுக்கியது. நாள்பட்டுவிட்டால் இந்தக் கோடு கலங்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்பத்துக்காகக் குடிக்கத் தொடங்கியவர், பத்தாண்டு கழித்து நடுக்கத்திலிருந்து தப்பிக்கவே குடிப்பார். ஆனாலும் உங்களைப் போன்ற ஒருவருக்கு இந்தப் பிரிவினை உதவும், ஏனென்றால் ஒன்றுக்கு மருந்தாக இருப்பது மற்றதற்கு உரமாகிவிடும்.

அதற்குள் போவதற்கு முன், இரண்டுக்கும் பொதுவான ஒன்று. உந்துதல் எழும்போது அது ஒரு பொய்யையும் சேர்த்தே சொல்கிறது: "நீ இதைச் செய்யும்வரை நான் ஏறிக்கொண்டேதான் இருப்பேன்." இது உண்மையில்லை என்பது பலருக்குத் தெரியாததற்குக் காரணம் எளிது. அவர்கள் அதன் மறுமுனையைப் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு முறையும் நடுவிலேயே எழுந்துபோய்ப் பூட்டை இழுத்துவிடுகிறார்கள். கதை எப்போதும் அங்கேயே முடிந்துவிடுவதால், அடுத்த பக்கம் என்ற ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

அந்த அடுத்த பக்கத்தைப் பார்க்கவேண்டும் என்றே ஓர் ஆய்வு நடத்தினார்கள். உளவியலாளர் ஜாக் ராக்மனும் அவருடைய சகாக்களும் 1976-இல் வெளியிட்டது. எண்ணச் சுழற்சி நோயாளிகளிடம் உந்துதலைத் தூண்டிவிட்டு, செயலைச் செய்யவிடாமல், மற்றபடி எந்த உதவியும் தராமல் வெறுமனே நேரத்தைக் கடக்கவிட்டார்கள். உந்துதல் தானாகவே தணிந்தது. முதல் ஒரு மணி நேரத்திலேயே பெரும்பகுதி இறங்கிவிட்டது. ஒரு மணி நேரம் என்பது உங்களுக்கு நீளமாகத் தோன்றலாம். கதவின் முன்னால் நீங்கள் ஏற்கெனவே செலவழிக்கும் நேரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

போதைப் பழக்கத் துறையில் இதையே அலை என்ற உருவகத்தில் சொன்னவர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆலன் மார்லட். அலை எழும், உச்சிக்குப் போகும், உடையும். நீங்கள் அதைத் தடுத்து நிறுத்தவும் வேண்டாம், அதனோடு அடித்துச் செல்லப்படவும் வேண்டாம், அதன் மேல் மிதந்தால் போதும் என்றார். உருவகம் அழகானதுதான். ஆனால் எதிரே இருப்பவரிடம் நான் அதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்வேன்: எல்லா அலையும் ஒரே அளவில் வராது, ஒன்று உடைந்ததும் பின்னாலேயே இன்னொன்று வரலாம். முதல் அலை தணிந்ததும் "முடிந்தது" என்று எழுந்தவர்கள் இரண்டாவதில் விழுந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உந்துதல் எப்படி வலுப்பெறுகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பூட்டை இழுத்துப் பார்த்த கணத்தில் ஒரு நிம்மதி. அந்த நிம்மதிதான் கூலி. "பதற்றம் வந்தால் பூட்டைப் பார், சரியாகிவிடும்" என்று மூளை கற்றுக்கொள்கிறது. கூலி கிடைத்த வேலைக்கு மறுநாளும் ஆள் வரும். இதில் கொடுமை என்னவென்றால், சரிபார்த்தல் சந்தேகத்தைத் தீர்ப்பதில்லை, வளர்க்கிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த வான் டென் ஹவுட், கிண்ட் என்ற இருவர் 2003-இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. நோய் எதுவும் இல்லாதவர்களைக் கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பை மீண்டும் மீண்டும் சரிபார்க்கச் சொன்னார்கள். திரும்பத் திரும்பப் பார்த்தவர்களின் நினைவு தவறவில்லை. ஆனால் அந்த நினைவு மங்கலாகிவிட்டது, அதன் மேல் இருந்த நம்பிக்கையும் கரைந்துவிட்டது. பத்துமுறை பூட்டைப் பார்த்த பிறகும் "பார்த்தேனா?" என்று உங்களுக்குத் தோன்றுகிறதே, அது உங்கள் நினைவாற்றலின் குறை அல்ல. பத்துமுறை பார்த்ததன் விளைவு. யாராக இருந்தாலும் அப்படித்தான் ஆகும்.

பந்தயத்தில் கூலி வேறு மாதிரி கொடுக்கப்படுகிறது. எப்போதாவது ஒருமுறை, எப்போது என்று தெரியாமல். தினமும் தவறாமல் கிடைக்கும் பரிசைவிட, கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பரிசே பழக்கத்தை ஆழமாக வேரூன்றச் செய்யும் என்று ஸ்கின்னர் என்ற உளவியலாளரின் ஆய்வுக்கூடத்துப் புறாக்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டன. அந்தச் செயலிகளை வடிவமைப்பவர்களுக்கு அது தெரியாமல் இருக்காது.

கூலியை நிறுத்தினால் என்ன ஆகும்? முதலில் உந்துதல் அதிகமாகும். அழுது பொம்மை வாங்கிப் பழகிய குழந்தைக்கு ஒருநாள் வாங்கித் தராவிட்டால், அது உடனே அடங்கிவிடாது. தரையில் புரளும். இரண்டாவது, மூன்றாவது நாளில் உந்துதல் முன்பைவிட மூர்க்கமாக வந்தால் "இது எனக்கு ஒத்துவரவில்லை" என்று விட்டுவிடாதீர்கள். பெரும்பாலானவர்கள் கைவிடுவது இந்த இடத்தில்தான். மூர்க்கம் கூடுவது பெரும்பாலும் முறை பலிக்கத் தொடங்கியதன் அறிகுறி.

இனி அந்த அரை மணி நேரத்துக்குள் நுழைவோம். முதலில், உந்துதலை நினைவிலிருந்து விரட்டப் பார்க்காதீர்கள். குரங்கை நினைக்காமல் மருந்தைக் குடி என்று வைத்தியர் சொன்ன கதை நமக்கெல்லாம் தெரியும். அதன்பின் அந்த நோயாளியால் ஒரு நாளும் மருந்து குடிக்க முடிந்ததில்லை. உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-இல் இதையே சோதனையாகச் செய்து காட்டினார். அவர் சொன்னது வெள்ளைக் கரடி. கரடியை நினைக்காதே என்று சொல்லப்பட்டவர்கள் மணியை அடித்துக்கொண்டே இருந்தார்கள், நினைவு வரும்போதெல்லாம் அடிக்கவேண்டும் என்பதால். பிறகு தாராளமாக நினைக்கலாம் என்று அனுமதி தந்தபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட இவர்களுக்கே கரடி அதிகமாக வந்தது. எனவே எண்ணத்தோடு மல்யுத்தம் வேண்டாம். "ஏன் எனக்கு மட்டும் இப்படி" என்ற வழக்காடலும் வேண்டாம், அது மல்யுத்தத்தின் மறுவடிவம்தான்.

விரட்டுவதற்குப் பதிலாகப் பெயர் சொல்லுங்கள். "நான் கதவைப் பார்க்கவேண்டும்" என்ற வாக்கியத்தை, "கதவைப் பார்க்கச் சொல்லும் உந்துதல் வந்திருக்கிறது" என்று மாற்றுங்கள். வாய்விட்டுச் சொன்னால் இன்னும் நல்லது. அற்பமாகத் தெரியும் இந்த மாற்றம், உங்களையும் உந்துதலையும் இரண்டு நாற்காலிகளில் உட்காரவைக்கிறது. உணர்ச்சிக்குச் சொல்லால் பெயரிடும்போது மூளையின் அச்ச மையமான அமிக்டலாவின் செயல்பாடு குறைவதை மாத்யூ லீபர்மனின் குழு 2007-இல் மூளைப் படப்பிடிப்பு மூலம் காட்டியது. பெயரிட்டதும் அளவும் சொல்லுங்கள்: பத்துக்கு எவ்வளவு? எட்டு. உடம்பில் எங்கே? நெஞ்சில் ஒரு இறுக்கம், விரல் நுனியில் ஒரு குறுகுறுப்பு. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அளவு எடுங்கள். எட்டிலேயே இருக்கலாம். ஒன்பதாகக்கூட ஆகியிருக்கலாம். பரவாயில்லை, அளப்பவராக நீங்கள் இருக்கும்வரை அது உங்களை இழுத்துச் செல்லவில்லை.

அடுத்தது தள்ளிப்போடுவது. "இனி ஒருபோதும் செய்யமாட்டேன்" என்ற சபதத்தைப் போல உந்துதலுக்குத் தீனி போடுவது வேறில்லை. ஒருபோதும் என்பது மலை. பதினைந்து நிமிடம் என்பது படிக்கட்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஷ்வார்ட்ஸ் தம் நோயாளிகளுக்கு இந்தப் பதினைந்து நிமிடத்தைத்தான் கொடுத்தார். முடியாவிட்டால் ஐந்து. அதுவும் முடியாவிட்டால் ஒன்று. நேரம் முடிந்ததும் மீண்டும் கேட்டுக்கொள்ளுங்கள், இன்னொரு ஐந்து முடியுமா? ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவில்லை என்பார்கள். உந்துதலின் வேலையே அந்த ஆறும் நேரத்தை நம்மிடமிருந்து பறிப்பதுதான். இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுவது சபதத்தைவிட நம்பகமானது.

இதுவரை சொன்னது இரண்டு கைகளுக்கும் பொருந்தும். இங்கே பாதை பிரிகிறது.

பந்தயத்துக்கு: திசைதிருப்புவது இங்கே நேர்மையான ஆயுதம். ஏக்கம் வளர்வது மனத்திரையில் ஓடும் காட்சிகளால். வெற்றி எண் மின்னுவது, பணம் கணக்கில் ஏறுவது போன்ற காட்சிகள். கண்ணுக்கு வேறு வேலை கொடுத்தால் அந்தத் திரையில் இடம் குறையும். விழும் கட்டங்களை அடுக்கும் டெட்ரிஸ் என்ற விளையாட்டை மூன்று நிமிடம் ஆடியவர்களுக்கு உணவு, புகை, மது உள்ளிட்ட ஏக்கங்களின் வலிமை குறைந்ததாக 2015-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதை நடத்தியவர்களில் பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். டெட்ரிஸ்தான் வேண்டும் என்பதில்லை. படம் வரைவது, புதிர்க்கட்டம் அடுக்குவது, பழகிய ஒரு வழியை வீடு வீடாக மனத்தில் நடந்து பார்ப்பது எல்லாம் நடக்கும். ஆனால் கைப்பேசியில் ஆடும் உங்களுக்கு நான் அதே கைப்பேசியில் இன்னொரு விளையாட்டைப் பரிந்துரைக்கமாட்டேன். திருடனைப் பிடிக்கத் திருடன் வீட்டிலேயே குடியேறுவது போலாகும்.

உடம்பையும் துணைக்கு அழைக்கலாம். விறுவிறுப்பான சிறு நடை புகைக்கும் ஏக்கத்தைத் தற்காலிகமாகத் தணிக்கிறது என்பதற்குப் பல ஆய்வுகள் உண்டு, மற்ற ஏக்கங்களிலும் என் அனுபவத்தில் அது உதவுகிறது. பதற்றம் தலைக்கேறி யோசிக்கவே முடியாத நிலை என்றால், மூச்சை அடக்கிக்கொண்டு முகத்தைக் குளிர்ந்த நீரில் சில விநாடிகள் அமிழ்த்தலாம், அல்லது கண், கன்னப் பகுதியில் குளிர்ந்த ஈரத்துணி வைக்கலாம். நீரில் மூழ்கும்போது உடல் இதயத் துடிப்பைக் குறைத்துக்கொள்ளும் இயல்பான அனிச்சைச் செயல் இதனால் தூண்டப்படும். மார்ஷா லினஹன் உருவாக்கிய டி.பி.டி. எனும் சிகிச்சை முறையில் இது நெருக்கடி நேரப் பயிற்சிகளில் ஒன்று. இதய நோய் உள்ளவர்களும், உணவுண்ணல் கோளாறால் உடல் மெலிந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக்கூடாது. மூச்சுப் பயிற்சியில் ஒரே ஒரு நுணுக்கம் போதும்: உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவது நீளமாக இருக்கவேண்டும். நான்கு எண்ணும்வரை இழுத்தால் ஆறு எண்ணும்வரை விடுங்கள்.

இப்போது கதவு. மூச்சுப் பயிற்சி இங்கே ஏன் எதிராகத் திரும்பியது? ஏனென்றால் அது இன்னொரு பூட்டாகிவிட்டது. பதற்றம் வந்தது, மூச்சை எண்ணினீர்கள், பதற்றம் குறைந்தது. மூளை என்ன கற்றது? பதற்றம் ஆபத்தானது, அதை உடனே எதையாவது செய்து அணைக்கவேண்டும் என்று. முன்பு பூட்டை இழுத்தீர்கள், இப்போது மூச்சை இழுக்கிறீர்கள். சில வாரங்களில் "சரியாக மூச்சு விட்டேனா, எண்ணிக்கை தப்பிவிட்டதா" என்று அதையே சரிபார்க்கத் தொடங்கியவர்களை நான் சந்தித்திருக்கிறேன். இந்த நோயின் சாமர்த்தியம் இது. கையில் எந்த ஆயுதத்தைக் கொடுத்தாலும் அதைச் சடங்காக மாற்றிவிடும்.

எனவே கதவு விஷயத்தில் அமைதி அடைவது உங்கள் இலக்கு அல்ல. பதற்றத்தோடேயே படுத்திருப்பதுதான் இலக்கு. கேட்பதற்குக் கொடூரமாக இருக்கும். ஆனால் 1966-இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் வெளியிட்டதும் அதுதான். பல ஆண்டுகளாக எந்தச் சிகிச்சைக்கும் மசியாத நோயாளிகளை, அவர்கள் அஞ்சும் பொருளின் அருகே இருக்கவைத்து, சடங்கை மட்டும் செய்யவிடாமல் தடுத்தார். குணம் தெரிந்தது. எதிர்கொள்ளலும் சடங்குத் தடுப்பும் சேர்ந்த இந்த முறை, ஆங்கில எழுத்துகளால் ஈ.ஆர்.பி. என்று அழைக்கப்படுவது, இன்றும் இந்த நோய்க்கான பேச்சு வழிச் சிகிச்சைகளில் முதலிடத்தில் இருக்கிறது. முன்பெல்லாம் பதற்றம் இறங்கும்வரை காத்திருப்பதே முக்கியம் என்று கருதினோம். மிஷெல் க்ராஸ்க் போன்றவர்களின் ஆய்வுகளுக்குப் பிறகு பார்வை சற்று மாறியிருக்கிறது. பதற்றம் இறங்கினாலும் இறங்காவிட்டாலும், "நான் அஞ்சியது நடக்கவில்லை, பதற்றத்தையும் என்னால் தாங்க முடிந்தது" என்ற புதிய பாடம் பதிவதே முக்கியம் என்கிறார்கள். ராக்மன் ஆய்வைப் படித்துவிட்டு "ஒரு மணி நேரம் ஆகியும் இறங்கவில்லையே" என்று கடிகாரத்தைப் பார்த்துத் தவிப்பவர்களுக்கு இது பெரிய விடுதலை.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். இரவில் ஒரே ஒருமுறை, அவசரமில்லாமல், விளக்கைப் போட்டுப் பூட்டுங்கள். இழுத்துப் பார்க்கவேண்டாம், புகைப்படமும் எடுக்கவேண்டாம். புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டால் படுக்கையில் அதைப் பதினைந்து முறை பார்ப்பீர்கள். படுத்ததும் சந்தேகம் வரும். அப்போது "பூட்டினேன், நன்றாக நினைவிருக்கிறது" என்று உங்களுக்கு நீங்களே ஆறுதல் சொல்லாதீர்கள். அது மனத்துக்குள்ளேயே போய்ப் பூட்டை இழுப்பது. பதிலாக, "பூட்டியிருக்கலாம், பூட்டாமலும் இருக்கலாம். இன்றிரவு தெரியாமலே தூங்கப் போகிறேன்" என்று சொல்லுங்கள். இந்த வாக்கியத்தை முதன்முறை சொல்லும்போது வயிற்றைப் பிசையும். பிசையட்டும். நிச்சயம் வேண்டும் என்ற பசிதான் இந்த நோயின் அடிவேர், அந்தப் பசிக்குச் சோறு போடாத வாக்கியம் அது.

எழுந்துவிட்டால்? கதவுவரை போய்விட்டால்? அங்கேயும் வழி இருக்கிறது. சடங்கைக் கெடுங்கள். வழக்கமாக வலக்கையால் மூன்று முறை இழுப்பீர்கள் என்றால், இடக்கையால் ஒருமுறை தொட்டுவிட்டு, "சரி" என்று தோன்றுவதற்கு முன்பே திரும்புங்கள். அரைகுறையாக விட்ட சடங்கு முழுச் சடங்கு தரும் கூலியைத் தராது. நேற்றுப் பதினைந்து, இன்று ஒன்பது என்றால் அது தோல்வியில் சேராது.

நகம் கடித்தல், முடி பிடுங்குதல், தோலைக் கிள்ளுதல் என்று மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு. உங்களுக்கு இல்லை என்றாலும் இதைப் படிக்கும் யாருக்காவது இருக்கும். அங்கே சிக்கல் என்னவென்றால், கை போனதே தெரியாது. நாதன் அஸ்ரினும் கிரெகரி நன்னும் 1973-இல் முன்வைத்த பழக்க மாற்றுப் பயிற்சி இதற்கானது. கை எப்போது, எந்த வேளையில் கிளம்புகிறது என்று முதலில் கவனிக்கப் பழகவேண்டும், கிளம்பிய கணத்தில் அந்தச் செயலோடு சேர்ந்து செய்யமுடியாத வேறொன்றைச் செய்யவேண்டும். விரல்களை மடக்கி முட்டியை இறுக மூடி ஓரிரு நிமிடம் வைத்திருப்பது போல. ஊருக்கெல்லாம் உபதேசம் சொல்லும் நானே நாற்பது வயதுவரை நகம் கடித்தவன். எனக்கு முட்டி மூடுவது பலித்ததைவிட, தொலைபேசியில் பேசும்போதுதான் கடிக்கிறேன் என்று கண்டுபிடித்ததுதான் பெரிய உதவியாக இருந்தது. அதன்பின் பேசும்போது கையில் ஒரு பேனா.

எனக்கு ஒப்புதல் இல்லாத ஒன்றையும் சொல்லவேண்டும். மணிக்கட்டில் ரப்பர் வளையம் மாட்டிக்கொண்டு, எண்ணம் வரும்போதெல்லாம் சுண்டி வலிக்கவைத்துக்கொள்வது. பழைய புத்தகங்களில் இருக்கும், இன்றும் சொல்லித் தருகிறார்கள். அது எண்ண அடக்குதலின் இன்னொரு வடிவம், குரங்குக் கதைதான். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் உந்துதல் உள்ளவருக்கு அது நேரடியான ஆபத்து.

அரை மணி நேரத்தை வெல்வதில் பாதி, அது வருவதற்கு முன்பே நடக்கவேண்டும். குறிப்பாகப் பந்தயத்தில். அலை எழுந்த பிறகு மன உறுதியை நம்புவது வெள்ளம் வந்தபின் அணை போடுவது. செயலியை நீக்குங்கள், கணக்கை நிரந்தரமாக மூடச் சொல்லி எழுதுங்கள், உடனடியாகப் பணம் அனுப்பும் வசதியின் வரம்பைக் குறையுங்கள், முடிந்தால் நம்பகமான ஒருவரிடம் பணப் பொறுப்பைக் கொஞ்ச காலத்துக்கு ஒப்படையுங்கள். இது கோழைத்தனம் என்று நினைப்பவர்கள் உண்டு. கைக்கும் பந்தயத்துக்கும் நடுவே இருபது நிமிடத் தடைகள் இருந்தால், அலை உடைய அந்த இருபது நிமிடமே பல நேரம் போதும். பீட்டர் கோல்விட்சர் ஆய்ந்து காட்டிய இன்னொரு உத்தி, முடிவை "இப்படி ஆனால் இப்படிச் செய்வேன்" என்ற வடிவில் எழுதிவைப்பது. "குறைத்துக்கொள்வேன்" என்று எழுதினால் அது காற்றில் போகும். "இரவு ஒன்பது மணிக்குத் தனியாக உட்கார்ந்திருக்கும்போது ஆசை வந்தால், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே இறங்குவேன்" என்று எழுதினால் அந்த நேரத்தில் யோசிக்கவேண்டியிருக்காது. பசி, கோபம், தனிமை, களைப்பு என்ற நான்கையும் கவனியுங்கள். மதுவை விட்டவர்களின் கூட்டங்களில் காலங்காலமாகச் சொல்லப்படும் பட்டியல் இது. எத்தனையோ நள்ளிரவு உந்துதல்கள் வெறும் தூக்கமின்மையின் வேலை.

சறுக்குவீர்கள். அப்போது மனத்தில் ஒரு பழமொழி வரும்: நனைந்தபின் முக்காடு எதற்கு. ஒருமுறை ஆடியாகிவிட்டது, இனி விடியும்வரை ஆடினால்தான் என்ன? மார்லட் இந்த மனநிலையைத் தனியாகப் பெயரிட்டு ஆராய்ந்திருக்கிறார். முதல் சறுக்கலைவிட, அதைப் பற்றிய இந்தத் தீர்ப்புதான் ஆளை முழுதாகக் கவிழ்க்கிறது என்பது அவர் கண்டது. இந்தப் பழமொழி மட்டும் இந்த விஷயத்தில் தவறு. நனைந்தபின்னும் முக்காடு உதவும், பத்து நிமிடம் நனைந்தவனுக்கும் இரவெல்லாம் நனைந்தவனுக்கும் வேறுபாடு உண்டு. எந்த நேரம், எந்த இடம், அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தது என்று நான்கு வரி எழுதிவிட்டுத் தூங்கப் போங்கள். அழுகையும் சாபமும் அடுத்த உந்துதலுக்கான விறகு.

இவையெல்லாம் தனியாகச் செய்யக்கூடியவை. தனியாகச் செய்யக்கூடாதவையும் இருக்கின்றன. நாள்தோறும் அதிகம் குடிப்பவரும், தூக்க மாத்திரைகளைப் பல மாதங்களாக எடுப்பவரும் "அலை தணியும்" என்று நம்பித் திடீரென நிறுத்தக்கூடாது. அங்கே எழுவது வெறும் உந்துதல் அல்ல, உடலின் விலகல் விளைவு. வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்தவேண்டும். உந்துதல் உயிரை மாய்த்துக்கொள்வது பற்றியதாகவோ உடலைக் காயப்படுத்திக்கொள்வது பற்றியதாகவோ இருந்தால், தனியாக உட்கார்ந்து அளவு எடுத்துக்கொண்டிருக்காதீர்கள். அருகில் ஒருவரை அழையுங்கள், ஆபத்தான பொருள்களிலிருந்து விலகி வாருங்கள், உடனே மருத்துவ உதவி நாடுங்கள். பந்தயத்தில் கடன் ஏறியவர்களுக்கு இந்த எண்ணம் வருவது அரிதல்ல என்பதால் உங்களிடம் நேராகவே சொல்கிறேன்.

எண்ணச் சுழற்சி நோய் வாழ்நாளில் நூறு பேரில் ஏறத்தாழ 2 முதல் 3 பேருக்கு வருகிறது. சரிபார்த்தல் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தின்கிறது என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். மூளையில் உள்ள செரடோனின் என்ற வேதிப்பொருளின் மீது செயல்படும் மாத்திரைகள் உதவுகின்றன, ஆனால் மனச்சோர்வுக்குத் தருவதைவிடப் பெரும்பாலும் கூடுதல் அளவு தேவைப்படும், பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகலாம். மூன்றாம் வாரத்தில் பயனில்லை என்று நிறுத்தியவர்கள் ஏராளம். மாத்திரை எடுப்பது பலவீனம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: லூயிஸ் பாக்ஸ்டரின் குழு 1992-இல் மூளைப் படங்களை ஒப்பிட்டபோது, மருந்தால் தேறியவர்களுக்கும் நடத்தைச் சிகிச்சையால் தேறியவர்களுக்கும் மூளையின் ஒரே பகுதியில் ஒரே வகை மாற்றம் தெரிந்தது.

மனைவியிடம் சொல்வது பற்றிக் கேட்டீர்கள். சொல்லுங்கள், ஆனால் இரண்டையும் வேறுவேறாகச் சொல்லுங்கள். பந்தயத்தைப் பற்றிச் சொல்லும்போது இழந்த தொகையை முழுதாகச் சொல்லுங்கள். பாதியை மறைத்தால், மறைத்த பாதியை மீட்கவே அடுத்த பந்தயம் கட்டுவீர்கள். கதவைப் பற்றிச் சொல்லும்போது ஒரு வேண்டுகோளையும் சேர்த்து வையுங்கள். இப்போது நீங்கள் "பூட்டினோமா?" என்று கேட்டால் அவர் அன்பினால் "பூட்டியாச்சு, தூங்குங்கள்" என்பார். அந்த அன்பு உங்கள் சார்பில் அவர் செய்யும் சடங்கு. இருவரும் நிதானமாக இருக்கும் ஒரு பகல் வேளையில் பேசி, அவர் வேறு பதில் சொல்லலாம் என்று ஒப்புக்கொள்ளுங்கள்: "கஷ்டமாக இருக்கிறது என்று தெரிகிறது. ஆனால் அந்தக் கேள்விக்கு இன்று பதில் சொல்லமாட்டேன். வேண்டுமானால் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்." முதல் சில இரவுகளில் உங்களுக்கு அவர்மேல் கோபம் வரும். வரும் என்பதையும் அன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள்.